கிளாசிக் 350 முன்பு போல் இழுக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்போம்

ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "வண்டி முன்ன மாதிரி இழுக்கல." அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஏழெட்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கும். அதில் பெரும்பாலானவை ஒரு ஸ்பேனர் செட்டும் காற்றுமானியும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். ஆனால் நம் ஆட்கள் நேராகப் பட்டறைக்குப் போய் "போர் போயிடுச்சாண்ணே?" (சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டதா) என்று அவர்களே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அங்கிருந்து ஒரு தலையாட்டல் வந்தால் போதும், எஞ்சின் பாகம் பாகமாகத் தரையில் கிடக்கும்.

இங்கே நான் சொல்வது முக்கியமாக 2009 முதல் 2020 தொடக்கம் வரை கார்புரேட்டரோடு வந்த பழைய கிளாசிக்குக்கு, அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யு.சி.இ எஞ்சினுக்கு. பி.எஸ்.6 புகை விதிக்காக 2020-ல் அதே எஞ்சினுக்குக் கார்புரேட்டருக்குப் பதில் எஃப்.ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூல் இன்ஜெக்ஷன்) கொடுத்தார்கள், 2021-ல் ஜே சீரிஸ் என்ற முற்றிலும் புதிய எஞ்சின் வந்தது. அவற்றுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், இது கோளாறுதானா?

வண்டியின் கணக்கு இதுதான். 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ போர், 90 மி.மீ ஸ்ட்ரோக், 5250 சுழற்சியில் 19.8 குதிரைத்திறன், 4000 சுழற்சியில் 28 நியூட்டன் மீட்டர் டார்க், 190 கிலோவை ஒட்டிய எடை. இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், இது கீழே இழுக்கும் வண்டி, மேலே பறக்கும் வண்டி இல்லை. மூன்றாவது கியரில் 30-ல் போய்க்கொண்டிருக்கும்போது திருகினால் முனகாமல் இழுக்க வேண்டும், ஐந்தாவதில் 80 வரை நிம்மதியாக ஏற வேண்டும். 100-க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், கைப்பிடியும் கால்வைக்கும் இடமும் அதிரும், 110-ஐத் தாண்டியதும் "இதுக்கு மேல வேணாம்" என்று வண்டியே சொல்லும். அது கோளாறு இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் 200 சிசி வண்டி முந்திப் போனதும் கோளாறு இல்லை.

ஆளை வைத்துக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வளைவுகளில் இரண்டாவது கியருக்கு வருவதும் இயல்புதான். நேர் ஏற்றத்திலும் மூன்றாவதைப் பிடிக்க முடியாமல் இரண்டிலேயே கிடந்தால்தான் கீழே படியுங்கள். எதையும் தொடும் முன் நீங்கள் தினமும் ஏறும் ஒரு மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த கியரில், எந்த வேகத்தில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே பாலத்தில் ஏறிப் பாருங்கள், இல்லையென்றால் மனசுதான் இழுக்கும், வண்டி இழுக்காது.

அறிகுறி: எல்லா கியரிலும் மந்தம், எஞ்சின் சத்தம் மட்டும் பழையபடி நன்றாக இருக்கிறது

சமதரையில் நியூட்ரலில் வைத்துத் தள்ளுங்கள். இங்கேயே வழி இரண்டாகப் பிரிகிறது.

*தள்ளினால் கனமாக இருக்கிறது என்றால்*, குறை எஞ்சினில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. முதலில் காற்று. பழைய கிளாசிக்கில் முன்னே 20 பி.எஸ்.ஐ-ஐ ஒட்டி, பின்னே தனியாகப் போனால் 28, ஆள் ஏறினால் 30-க்கு மேல். உங்கள் வண்டியின் புத்தகத்திலோ ஸ்டிக்கரிலோ வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "போதும் சார்" என்பதை நம்ப வேண்டாம்.

அடுத்து சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். விட்ட பிறகு கொஞ்சமாவது ஓடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால், பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் அதை ரொம்ப டைட்டாக வைத்திருக்கிறார்கள், அல்லது கேம் துருப்பிடித்து பெடலை விட்டும் ஷூ முழுதாகத் திரும்பவில்லை. கம்பியின் நுனியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி சுழற்றுங்கள். அப்போது லேசானால், பெடலில் பிரேக் எங்கே பிடிக்கிறது என்பதையும் சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள். நட்டைத் தளர்த்தியும் உரசினால் டிரம்மைக் கழற்றித் துடைத்து கேமுக்குத் துளி கிரீஸ் வைக்க வேண்டும், ஷூவில் கிரீஸ் பட்டுவிடக் கூடாது. முன்பக்கம் டிஸ்க், கேலிபரின் பிஸ்டன் மாட்டிக்கொண்டால் பேட் விலகாது. கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, டிஸ்க் பக்கம் புறங்கையைக் கிட்டே கொண்டு போங்கள். தொட வேண்டாம், அனல் அடித்தால் விடை கிடைத்துவிட்டது. கேலிபரைத் திறப்பதை, பிரேக் ஆயில் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது செயின். நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 25 முதல் 30 மி.மீ ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், ஏனென்றால் பழைய செயின் ஒரு இடத்தில் தொங்கும், இன்னொரு இடத்தில் வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். அப்படி இருந்தால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டாக மாற வேண்டும். செயின் மட்டும் வாங்கிப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் மாட்டி மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை, புதுச் செயினையும் பழசு தின்றுவிடும்.

*தள்ளினால் லேசாக இருக்கிறது, ஓட்டினால்தான் மந்தம் என்றால்* ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்கள். முழுக்கத் திருகினாலும் கார்புரேட்டரில் வால்வு முழுக்கத் திறக்காத அளவுக்குக் கேபிள் தளர்ந்திருக்கும், சிரிப்பு வரும், ஆனால் நடக்கிற விஷயம். அதுவும் சரியென்றால் அடுத்த அறிகுறிகளுக்குப் போகலாம்.

அறிகுறி: திருகினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. இந்த வண்டியில் ஆர்.பி.எம் மீட்டர் கிடையாது, அதனால் காதால்தான் பிடிக்க வேண்டும். காலியான ரோட்டில் ஐந்தாவது கியரில் 45–50-ல் போகும்போது முழுக்கத் திருகுங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நலம். சத்தம் முந்திக்கொண்டு ஓடி, வேகம் பின்னால் சாவகாசமாக வந்தால் வழுக்கல்.

செலவில்லாத காரணம் கேபிள். லீவரில் 2–3 மி.மீ வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். லீவர் கல்லு மாதிரி விறைப்பாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். தளர்த்திப் பாருங்கள், பலருக்கு வேலை இங்கேயே முடியும்.

அடுத்தது ஆயில். இந்த எஞ்சினில் கிளட்ச் ஆயிலுக்குள் நனைந்துதான் ஓடுகிறது. யாராவது நல்லெண்ணத்தில் விலை உயர்ந்த கார் ஆயிலை ஊற்றியிருந்தால் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும், 15டபிள்யூ50 தான் இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்டது. கடைசியாக ஆயில் மாற்றியதும் வழுக்கல் தொடங்கியதும் ஒரே சமயமா என்று யோசித்துப் பாருங்கள். ஆயிலை மாற்றி கொஞ்ச நாள் ஓட்டியும் வழுக்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. பட்டறைதான். பிளேட்டோடு ஸ்பிரிங்கையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பிளேட் மாற்றிய பிறகு தளர்ந்த ஸ்பிரிங்கால் மறுபடி வழுக்கி இரண்டாவது முறை கூலி கொடுத்தவர்கள் உண்டு.

அறிகுறி: 60, 70 வரை சரி, அதற்கு மேல் மூச்சு முட்டுகிறது

கார்புரேட்டர் வண்டியில் அடிக்கடி வருவது இதுதான், அடிக்கடி தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். ஒரு கேள்வியில் பிரிக்கலாம்: எப்போதும் முட்டுகிறதா, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு முட்டுகிறதா?

*ஓடிய பிறகுதான் என்றால்* பெட்ரோல் போதுமான அளவு இறங்கவில்லை. வண்டி திணறும்போது ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அதற்கப்புறம் வண்டி ஒழுங்காக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. துடைத்தால் முடிந்தது. மாறவில்லையா? எஞ்சின் ஆறிய பிறகு, கிட்டத்தில் தீப்பொறி எதுவும் இல்லாத இடத்தில், கார்புரேட்டருக்கு வரும் டியூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். பெட்ரோல் ஒரே சீராகக் கொட்ட வேண்டும். சொட்டினால் டேப்புக்குள் இருக்கும் சல்லடையில் துரு அடைத்திருக்கிறது. பாட்டிலின் அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் அது தண்ணீர். மழையில் நின்ற வண்டியில் மூடி வழியாக இறங்கியிருக்கும். துரு ரொம்ப இருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், டியூபில் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் ஃபில்டரைச் செருகிவிட்டு விஷயத்தை மறந்துவிடுவது தள்ளிப்போடுவதுதான்.

*எப்போதும் முட்டுகிறது என்றால்* முதலில் ஏர் ஃபில்டர். வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இது காகித ஃபில்டர், கழுவக் கூடாது, தட்டியும் ஊதியும் எத்தனை நாள்தான் ஓட்டுவது? கறுத்திருந்தால் புதிது போடுங்கள். செங்கல் சூளைப் பக்கமோ குவாரிப் பக்கமோ ஓடுகிற வண்டிக்கு கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன், கொஞ்ச நாள் நின்ற வண்டியென்றால் அதையும் எட்டிப் பாருங்கள்.

ஃபில்டர் சரி, பெட்ரோல் சரி, இன்னும் முட்டுகிறதா? அப்போது கார்புரேட்டரின் டயஃப்ரம். இந்த வண்டியின் கார்புரேட்டரில், உள்ளே இருக்கும் ஸ்லைடைத் தூக்குவது நம் கை இல்லை, எஞ்சினின் உறிஞ்சல். அந்த உறிஞ்சலைப் பிடிப்பது மெல்லிய ரப்பர் டயஃப்ரம். அதில் ஊசித்துளை விழுந்தால் ஸ்லைடு பாதிக்கு மேல் எழாது, ஐடிலிங் பிரமாதமாக இருக்கும், பாதிக்கு மேல் திருகினால் மட்டும் வண்டி உட்கார்ந்துவிடும். மேல்மூடியைக் கழற்றி டயஃப்ரத்தை லேசாக விரித்து வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள், மடிப்பில்தான் முதலில் விடும். இதைக் கார்ப் கிளீனரிலோ பெட்ரோலிலோ ஊறப் போடாதீர்கள், ஊதிப் பெரிதாகி மறுபடி பள்ளத்தில் உட்காராது. திரும்ப மாட்டும்போது விளிம்பு முழுவதும் அதன் பள்ளத்தில் அமர்ந்ததா என்று பார்த்துவிட்டு மூடியை வையுங்கள். கிழிந்திருந்தால் ஒட்ட முயற்சி செய்ய வேண்டாம், மாற்றுங்கள்.

இதற்கப்புறம்தான் மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்வதெல்லாம். ஜெட் துளைக்குள் கம்பி விட்டுக் குத்துகிறவரிடமிருந்து கார்புரேட்டரை உடனே வாங்கிக்கொள்ளுங்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான். கிளீனரும் காற்றும் போதும்.

எஃப்.ஐ வண்டியில் இதே அறிகுறி வந்தால் ஏர் ஃபில்டர் வரைக்கும்தான் நம் வேலை. சாவி போட்டதும் டேங்கில் பம்ப் சில நொடி முனகும் சத்தம் கேட்கிறதா, எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். விளக்கு அணையவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள், சென்சாரை ஊகித்து மாற்றுவது சூதாட்டம்.

அறிகுறி: விட்டு விட்டு இழுக்கிறது, மிஸ்ஸிங்

இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். அதனால் ஒன்று செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், இழுவைதான் குறையும். "ஸ்டார்ட் ஆகுதே, பிளக் நல்லாத்தான் இருக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

கையில் ஒரு நல்ல உபரி பிளக் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேப்பைக் கழற்றி அதில் உபரி பிளக்கைச் சொருகி, அதன் உலோகம் எஞ்சின் ஹெட்டில் தொடும்படி வைத்து, பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கையால் பிடிக்காதீர்கள், ஷாக் பலமாக இருக்கும். பொறி நீலமாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்து மின்சாரம் சரி, வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் எதிர்ப்பக்கத்துப் பிளக்கும் உயிரோடு இருக்கிறது. உடனே அணைத்துவிட்டு அடுத்த பக்கம். பொறி இல்லையென்றால் கேப், ஒயர், காயில் என்ற வரிசையில் பாருங்கள், விலையும் அதே வரிசையில்தான் ஏறும்.

பொறி இருந்தும் மிஸ்ஸிங் என்றால் இரண்டு பிளக்கையும் கழற்றி நிறம் பாருங்கள். காபிப்பொடி நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் எங்கோ காற்று புகுந்து கலவை மெலிந்திருக்கிறது. கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் குழாயில் விரிசலைத் தேடுங்கள், ஐடிலிங்கில் அதைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சினால் சத்தம் மாறுவதை வைத்தே பிடிக்கலாம். ஆயில் ஈரம் பிசுபிசுத்தால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது என்றால் பிளக் கேப்புக்குள் தண்ணீர். காயவைத்துத் துடையுங்கள், விறைத்துப்போன கேப்பென்றால் மாற்றுங்கள்.

அறிகுறி: மைலேஜ் விழுந்துவிட்டது

முதலில் அளவை நம்பலாமா என்று பாருங்கள். பழைய கிளாசிக்கில் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுகிறது, கேபிள் நழுவினால் மீட்டரில் கிலோமீட்டரே ஏறாது, வண்டி குடிப்பது போலத் தெரியும். கிலோமீட்டர் கல் இருக்கிற ரோட்டில் ஒத்துப் பாருங்கள். அப்புறம் ஒரே பங்கில் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள், "இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு ஓடுச்சு" என்பது கணக்கே இல்லை. நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் கிளாசிக் ஊருக்குள் 30-ஐ ஒட்டியும் ஹைவேயில் 35-ஐ ஒட்டியும் கொடுக்கும்.

இ20 பெட்ரோல் மேல் எல்லாப் பழியையும் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட 6–7 சதவீதம் சக்தி குறையும். 35 கொடுத்த வண்டி 33-க்கு வந்தால் இ20-ஐத் திட்டுங்கள், நியாயம். 25-க்கு வந்தால் பழி வேறு இடத்தில் இருக்கிறது. ஆனால் இ20-க்காகச் செய்யப்படாத பழைய வண்டியில் ரப்பர் டியூப், சீல், டயஃப்ரம் எல்லாம் சீக்கிரம் கெடலாம், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

காரணங்களின் வரிசை: டயர் காற்று, உரசும் பிரேக், ஏர் ஃபில்டர், முழுக்கத் திரும்பாத சோக், பிளக், பிறகு கார்புரேட்டரின் மிதவையும் அதன் ஊசியும். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால் மிதவையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஓட்டும்போது மட்டும் வாடை வந்தால் சோக்.

அறிகுறி: ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட் வெடிப்பு

கம்பெனி சைலன்சரை மாற்றி வெளியே வாங்கிப் போட்ட சைலன்சர் என்றால் விடை அதுதான், கலவை அதற்கேற்ப மாறவில்லை. ஒரிஜினல் சைலன்சரிலும் வந்தால் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிவா என்று பாருங்கள், சுற்றிலும் கரி படிந்திருக்கும். நட்டை இறுக்கியும் போகாவிட்டால் கேஸ்கெட். அவ்வளவுதான், இதற்காக எஞ்சினைத் திறக்க யாராவது சொன்னால் எழுந்து வாருங்கள்.

அறிகுறி: சூடானால் இழுவை போய்விடுகிறது

ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியைச் சூடாக்கி, அணைத்து, சில நிமிடம் விட்டு, சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்த அளவு அளவே இல்லை. அளவு குறைந்திருந்தால் ஊற்றுங்கள், ஆனால் ஏன் குறைந்தது என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடுத்து சிலிண்டர் மடிப்புகளில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இது காற்றில் ஆறும் எஞ்சின். வேளச்சேரி மாதிரி டிராஃபிக்கில் மே மாதம் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு கொஞ்சம் மந்தமாவது எல்லாக் காற்று ஆறும் வண்டிக்கும் உள்ளது. ஆறியதும் பழையபடி இழுத்தால் பயம் வேண்டாம். வெறும் ரோட்டில் அரை மணி ஓட்டியதற்கே இழுவை போய், ஏற்றத்தில் கிளிகிளியென்று உலோகம் தட்டும் சத்தமும் வந்தால் மேலும் ஓட்டாதீர்கள், கலவை மெலிந்திருக்கலாம், உள்ளே கரி படிந்திருக்கலாம், வெளியிலிருந்து பிரிக்க முடியாது.

இங்கே ஒன்று. "டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணணும்" என்று யாராவது சொன்னால், யு.சி.இ எஞ்சினில் இருப்பது வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர், அட்ஜஸ்ட் செய்ய அங்கே எதுவும் கிடையாது. அப்படிச் சொன்னவருக்கு இந்த எஞ்சின் பழக்கமில்லை. ஜே சீரிஸில் மட்டும் அந்த வேலை உண்டு.

அறிகுறி: புகை, ஆயில் குறைகிறது, கிக்கர் லேசாக இறங்குகிறது

இது வரும்வரை எஞ்சினைத் திறக்கும் பேச்சே வேண்டாம். வந்துவிட்டால் வீட்டு வாசல் வேலையும் முடிந்தது.

பட்டறைக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள்: நீலப் புகை எப்போது வருகிறது? இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி திருகும்போது வந்தால், வால்வு சீல் பக்கம் சந்தேகம், ஹெட் வேலையோடு முடியலாம். ஏற்றத்தில் இழுக்க இழுக்கத் தொடர்ந்து வந்தால் ரிங், அதற்கடுத்து போர், பிஸ்டன். புகையே இல்லாமல் கிக்கர் மட்டும் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் வால்வு சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் வரும். அதே மாடல் நல்ல வண்டி ஒன்றை மிதித்துப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் "இழுக்கல" என்று மட்டும் சொல்லாமல், மேலே எதையெல்லாம் பார்த்தீர்கள், எதில் மாற்றம் வந்தது, புகை எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். திறப்பதற்கு முன் கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றியதும் போன் செய்யச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள், வால்வும் சிலிண்டர் சுவரும் கண்ணுக்குத் தெரியும் நேரம் அது ஒன்றுதான். சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இல்லையென்றால் போர் வேலைக்குச் சம்மதிக்கும் முன் சிலிண்டரை லேத்தில் கொடுத்து அளக்கச் சொல்லி, எண்ணைக் காகிதத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் தரச் சொல்லவும் மறக்க வேண்டாம்.